சாணம் பிழியும் இயந்திரத்தைப் பாதுகாப்பாகத் தொடங்குவதும் ஓட்டுவதும் எப்படி?

காங்கேயத்தை அடுத்த ஓர் ஊரில் நாற்பது கறவை மாடுகள் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. 5 எச்.பி. மோட்டாருடன் சாணத்தையும் நீரையும் பிரிக்கும் ஸ்க்ரூ பிரஸ் இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறார். பொருத்த வந்தவர் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு சில நாட்கள், பிழிந்த நார்ச் சக்கை வர வேண்டிய வாயில் சாணித் தண்ணீரே கொட்டுகிறது. சில நாட்கள் வாய் கல்லாக இறுகி மோட்டார் ட்ரிப் ஆகிறது. இறுகும்போது வேலையாள் கம்பியால் குத்தி விடுகிறார். "இதைச் சரியாக ஸ்டார்ட் செய்யும் முறை எது?" என்பது கேள்வி. என் பார்வையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வாயில் சக்கை ஒழுங்காகக் கட்டுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. கம்பியால் குத்துவதைப் பற்றி அவர் போகிற போக்கில் சொல்லியிருப்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் முதலாவதைச் சொல்வது சரியாகாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பம்பு, கியர் பாக்ஸ், ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் பராமரிப்பே என் தொழில். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் பண்ணைகளில் இந்த வகை இயந்திரங்களைப் பொருத்தியும் பிரித்துப் பழுது பார்த்தும் பல ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் இயந்திரத்தை நேரில் பார்க்காமல் எழுதுவதால், கதவின் எடை, சல்லடையின் இடைவெளி போன்றவற்றில் தயாரிப்பாளர் தந்த கையேடு நான் சொல்வதற்கு மாறாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள். கை, கால், மூச்சு சம்பந்தமாக நான் சொல்பவை எந்தத் தயாரிப்பாளரின் இயந்திரத்துக்கும் பொருந்தும். அவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இயந்திரம் வேலை செய்யும் விதத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. குழியிலிருந்து பம்பு ஏற்றிவிடும் சாணக் கரைசல் மேலே உள்ள ஹாப்பரில் விழுகிறது. அங்கிருந்து உருளை வடிவச் சல்லடைக்குள் இறங்க, அதன் நடுவே சுழலும் திருகு அதை முன்னோக்கித் தள்ளுகிறது. நீர் சல்லடையின் இடைவெளி வழியாக வெளியேறிக் கீழே உள்ள குழாயில் போகிறது. நார் முன்னே நகர்ந்து வாயருகில் சேர்கிறது. வாயில் எடை தொங்கும் கதவோ, ஸ்பிரிங் கதவோ இருக்கும். அந்தக் கதவுக்கும் திருகின் முனைக்கும் இடையே இறுகி நிற்கும் சக்கைதான் பிழிகிற வேலையைச் செய்கிறது. அதைத் தக்கை என்று சொல்லலாம். தக்கை இருந்தால் பின்னால் வரும் கரைசல் முன்னேற வழியின்றி அழுத்தப்பட்டு நீரைக் கக்கும். இல்லாவிட்டால் கரைசல் நேராக வாய் வழியே கொட்டும். உங்கள் இரண்டு தொல்லைகளும், அதாவது தண்ணீராகக் கொட்டுவதும் கல்லாக இறுகுவதும், இந்தத் தக்கை ஒரு நாள் இல்லாமல் போவதாலும் மறுநாள் மிதமிஞ்சிப் போவதாலும் வருபவை.

திருகு மெதுவாகச் சுழல்வதைப் பார்த்துப் பழகியவர்கள் அதைக் கண்டு பயப்படுவதில்லை. தீவனத் தட்டு வெட்டும் இயந்திரத்தின் கத்தி சுழல்கிற வேகத்தைப் பார்த்தாலே கை பின்வாங்கும். நிமிடத்துக்கு முப்பது சுற்று சுழலும் திருகைப் பார்த்தால், கையை விட்டு எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று. கியர் பாக்ஸ் அதை 30 சுற்றாகக் குறைக்கிறது என்று கொண்டால், வேகம் 48-இல் ஒரு பங்காகும்போது முறுக்கு விசை ஏறத்தாழ 48 மடங்காகப் பெருகுகிறது. 26 சென்டிமீட்டர் விட்டமுள்ள திருகின் விளிம்பில் அது சுமார் 900 கிலோ எடைக்குச் சமமான விசை. கியர் இழப்புகளைக் கழித்தாலும் 700 கிலோவுக்குக் குறையாது. அத்துடன், தடை வரும்போது மோட்டார் உடனே நின்றுவிடாது. நிற்பதற்கு முன் தன் வழக்கமான விசையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துப் பார்க்கும். மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே வெப்பத்தால் வேலை செய்வது; அது விழச் சில நொடிகளாவது ஆகும். கையோ, கம்பியோடு சேர்த்துச் சுற்றப்பட்ட துண்டோ உள்ளே போவதற்கு அந்த நேரம் போதும். ட்ரிப் ஆவது மோட்டாரின் சுருளைக் காப்பாற்றுமே தவிர, மனிதனைக் காப்பாற்றாது. எனவே இயந்திரம் ஓடும்போது வாயிலோ ஹாப்பரிலோ கை, கம்பி, மண்வெட்டிக் காம்பு எதுவும் நுழையக் கூடாது. உங்கள் வேலையாளிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

நிறுத்திவிட்டுத்தான் குத்துகிறோம் என்று சிலர் சொல்வார்கள். நம் பகுதியில் அதிலும் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. கிணற்று மோட்டாருக்குப் பழகிப்போன காரணத்தால், கரண்ட் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும் ஆட்டோ ஸ்விட்சையும், கைபேசியில் அழைத்தே ஓட்டும் செல்போன் ஸ்டார்ட்டரையும் பண்ணையில் உள்ள எல்லா மோட்டார்களுக்கும் பொருத்திவிடுகிறோம். மும்முனை மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும் ஊரில், மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒருவர் வாயைச் சுத்தம் செய்துகொண்டிருக்க, திடீரென்று மின்சாரம் வந்து திருகு தானாகச் சுழல்வதை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் பாய்ச்சுவதற்கு அந்த வசதி எவ்வளவு பயனுள்ளதோ, இந்த இயந்திரத்துக்கு அது அவ்வளவு கேடானது. ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆட்டோ என்ற வசதி இருந்தால் வயரையே கழற்றிவிடச் சொல்லுங்கள். ஸ்விட்சை மேனுவலில் வைத்தால் போதும் என்று விட வேண்டாம், ஏனெனில் அதை யாராவது திருப்பி வைப்பார்கள். மின்சாரம் போய்வந்த பிறகு ஒரு மனிதர் இயந்திரத்தின் அருகே நின்று பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் அது ஓட வேண்டும். பம்பின் ஸ்டார்ட்டருக்கும் இதே விதி.

வாயைத் திறக்கும்போதும், சல்லடையைக் கழற்றும்போதும் சிவப்புப் பொத்தானை மட்டும் நம்பக் கூடாது. மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃபியூஸ் மூன்றையும் உருவி எடுத்து, பெட்டியைப் பூட்டிச் சாவியை வேலை செய்பவரே தம் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பிறகு பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஓடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பின்பே கை வைக்க வேண்டும். தவறான பெட்டியின் ஃபியூஸை உருவியிருந்தால் அந்த ஒரு அழுத்தலில் தெரிந்துவிடும். பூட்டும் சாவியும் நூறு, இருநூறு ரூபாய்ச் செலவு. இந்த இயந்திரத்துக்கு வாங்கும் உதிரிப் பாகங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

அடுத்தது குழி. பலரும் இயந்திரத்தைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள்; உயிர்ப்பலி வாங்கும் இடம் பெரும்பாலும் அதற்குக் கரைசல் தரும் குழிதான். சில நாட்கள் அசையாமல் கிடந்த சாணக் கரைசலுக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அடைபட்டுக் கிடக்கும். கலக்கியை ஓட்டிய முதல் சில நிமிடங்களில் அது மொத்தமாக மேலே வரும். காற்றைவிடக் கனமானது என்பதால் குழிக்குள்ளும் பள்ளத்திலும் தேங்கும். மிகச் சிறிய அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. அந்த 100 பங்கு அளவே உயிருக்கு உடனடி ஆபத்தென்று வகுக்கப்பட்டிருக்கிறது. 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். நாற்றம் குறைந்துவிட்டது, இறங்கலாம் என்று நினைப்பது இதனால்தான் கொடிய தவறாக முடிகிறது. ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொள்வதால் இந்த வாயு தடைபடாது. கடையில் விற்கும் தூசி முகக்கவசத்தாலும் தடைபடாது.

பம்பில் கயிறு சுற்றிக்கொண்டது, செருப்பு விழுந்துவிட்டது என்ற எந்தக் காரணத்துக்காகவும் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. பம்பைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கப்பி வைத்து மேலே இழுத்தே சரிசெய்யும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். ஒருவர் விழுந்துவிட்டால் அவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பதும், அவரைத் தூக்க மூன்றாமவர் குதிப்பதுமாக ஒரே குடும்பத்தில் பலர் இறந்த செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். கலக்கியை நிறுத்துங்கள், 101-க்கும் 108-க்கும் அழையுங்கள், நினைவோடு இருப்பவருக்கு மேலிருந்தபடி கயிறு போடுங்கள். மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள். கலக்கும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்று வாயுவை அள்ளிக்கொண்டு போய்விடும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் பனி மூடிக் காற்று அசையாமல் நிற்கும்போதுதான் ஆபத்து அதிகம். அந்த நாட்களில் வெயில் ஏறி, மரக்கிளை அசையும் அளவுக்குக் காற்று வந்த பிறகு கலக்கத் தொடங்குங்கள். கலக்கியைப் போட்டுவிட்டு முதல் அரை மணி நேரம் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். காற்று போகும் திசையில் கன்றுகளைக் கட்ட வேண்டாம். சாண எரிவாயுவில் இருக்கும் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் தீப்பொறி பட்டவுடன் வெடிக்கும் என்பதால், குழியருகே பீடி, வெல்டிங் இரண்டும் ஆகாது.

இனி ஸ்டார்ட் செய்வதற்கு வருகிறேன். புதிதாகப் பொருத்திய பிறகோ, மோட்டாரை ரீவைண்டிங் செய்து மாட்டிய பிறகோ, கம்பத்தில் லைன்மேன் வேலை பார்த்துவிட்டுப் போன பிறகோ, முதலில் பார்க்க வேண்டியது சுழலும் திசை. இரண்டு ஃபேஸ் இடம் மாறினாலே மோட்டார் எதிர்த் திசையில் ஓடும். சல்லடைக்குள் எதுவும் இல்லாதபோது ஒரு நொடி மட்டும் தட்டிப் பார்த்து, இயந்திரத்தின் உடலில் போட்டிருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். சுழலும் தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கின் மூடி, வாயின் கூண்டு, ஹாப்பரின் கம்பி வலை மூன்றும் மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கே வைக்க வேண்டும், 5 எச்.பி. மோட்டாருக்கு அது ஏழரை ஆம்பியரை ஒட்டி இருக்கும். ட்ரிப் ஆகிறதென்று அதைப் பத்து, பன்னிரண்டுக்குத் திருகி வைக்கும் எலெக்ட்ரீஷியனை நம்ப வேண்டாம். ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் கட்டாயம் வேண்டும். மும்முனை இல்லாத நேரத்தில் கண்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டும் பழக்கம் இந்த இயந்திரத்துக்கு ஒத்துவராது. பாரத்தோடு தொடங்க வேண்டிய மோட்டார் முக்கி நின்று எரிந்துபோகும். ஈரமும் சாணமும் நிறைந்த இடம் என்பதால் நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழும் எர்த் லீக்கேஜ் பிரேக்கரும் வையுங்கள். சாண வாயு செம்பை அரிப்பதால், குழிக்குள் போகும் கேபிளில் ஜாயின்ட் இருக்கவே கூடாது.

குழாய்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஹாப்பரிலிருந்து மிகுதிக் கரைசலைக் குழிக்குத் திருப்பும் ஓவர்ஃப்ளோ குழாய், ஏற்றும் குழாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்; மூன்று அங்குலத்தில் ஏற்றினால் நான்கு அங்குலத்தில் திருப்புங்கள். அதில் வால்வு வைக்கக் கூடாது. அந்தக் குழாய் அடைத்தால் கரைசலின் அழுத்தம் ஏறி, கட்டியிருக்கும் தக்கையை வெளியே தள்ளிவிடும். வாயில் திடீரென்று தண்ணீர் கொட்டுவதற்கு, பலரும் கவனிக்காத காரணம் இது. வடிநீர்க் குழாய்க்குச் சரிவும், மேல்நோக்கி ஒரு காற்றுக் குழாயும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கரைசலின் கெட்டித் தன்மை சரியாக இருக்க வேண்டும். தண்ணீராகக் கொட்டுவதற்கு நான் அதிகமாகக் கண்ட காரணம், கட்டுத்தரையைக் கழுவும்போது விடப்படும் அளவற்ற நீர்தான். புதிய சாணத்தில் 80 முதல் 85 சதவீதம் நீர் இருக்கிறது. அதோடு அதே அளவு நீர் சேர்ந்தால் கரைசலில் திடப்பொருள் ஏழரை முதல் 10 சதவீதம் இருக்கும். இந்த இயந்திரம் நன்றாக வேலை செய்வது ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதத்துக்குள். ஓஸ் பிடித்து மணிக்கணக்கில் கழுவினால் 2, 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது தக்கை கட்டுவதற்கு வேண்டிய நார் வந்து சேர்வதில்லை. இதை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நன்றாகக் கலக்கிய கரைசலில் ஒரு கிலோ எடுத்து, அகலமான தட்டில் ஊற்றி, எடை மேலும் குறையாத வரை வெயிலில் காயவிட்டு நிறுத்துப் பாருங்கள். 70 கிராம் மிஞ்சினால் 7 சதவீதம். வெயிலில் காய்ந்ததிலும் சிறிது ஈரம் இருக்கும் என்பதால் உண்மை அளவு சற்றுக் குறைவு. நம் தேவைக்கு இந்தக் கணக்கு போதும். நீர்த்திருந்தால், முதலில் சாணத்தை வாரிக் குழியில் தள்ளிவிட்டு, பிறகு தரையை மட்டும் கழுவுங்கள். மழைநீர் குழியில் இறங்காதபடி வரப்புக் கட்டுங்கள். எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் கரைசலை நேரடியாக விடுவதாக இருந்தால், அதில் நார் ஏற்கெனவே மக்கிக் குறைந்திருக்கும். தக்கை கட்ட இன்னும் பொறுமை வேண்டும்.

தொடங்கும் வரிசை இப்படி. குழியை அடிவரை நன்றாகக் கலக்குங்கள். மேலே மிதக்கும் நாரும் அடியில் படிந்த சேறும் ஒன்றாகாமல் பம்பைப் போட்டால், முதலில் வெறும் தண்ணீரும் பிறகு வெறும் சேறுமாக ஏறும். இயந்திரத்துக்குப் போகும் மின்சாரத்தைப் பூட்டிவிட்டு, வாயிலுள்ள கதவைத் தூக்கி, முந்தைய நாள் பிழிந்த சக்கையை இரண்டு கூடை அளவுக்கு வாய்ப்பகுதியில் அடைத்து அழுத்துங்கள். முதல் நாளாக இருந்தால், பொடியாக நறுக்கிய சோளத்தட்டைக் கெட்டிச் சாணத்தோடு பிசைந்து அடைக்கலாம். கதவை மூடி, எடையை நெம்புகோலின் உட்பக்கமாக, அதாவது குறைந்த அழுத்தம் தரும் இடத்தில் வையுங்கள். ஆட்கள் விலகியதைப் பார்த்துவிட்டு, பூட்டைத் திறந்து, முதலில் திருகை ஓட்டுங்கள். அது தடையின்றிச் சுழல்வது தெரிந்தவுடன் பம்பைப் போடுங்கள். ஏற்றும் குழாயில் வால்வு இருந்தால் கால் பங்கு மட்டும் திறந்து, மெல்லக் கூட்டுங்கள். முதல் சில நிமிடங்கள் வாயோரத்தில் நீர் கசிவது இயல்பு. அதைக் கண்டு எடையை மேலும் மேலும் ஏற்றுவது பிற்பாடு கல்லாக இறுகுவதற்கு ஒரு காரணம். நீர் கசிவாக இல்லாமல் அருவியாகக் கொட்டினால் பம்பை நிறுத்தி, திருகையும் நிறுத்தி, மின்சாரத்தைப் பூட்டிவிட்டு மீண்டும் அடைத்துத் தொடங்குங்கள்.

சக்கை வளையம் வளையமாக வரத் தொடங்கியதும், எடையை ஒரு துளை அளவு வெளிப்பக்கம் நகர்த்திக் கால் மணி நேரம் காத்திருங்கள். அதன் பலன் முழுதும் தெரிய அவ்வளவு நேரம் ஆகும். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஓர் அம்மீட்டர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவேன். இயந்திரத்தின் உள்ளே நடப்பதை வெளியே காட்டும் ஒரே கருவி அது. வெற்றாக ஓடும்போது முழு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை காட்டும். தக்கை கட்டக் கட்ட ஏறி ஓரிடத்தில் நிற்கும். பெயர்ப்பலகை அளவில் முக்கால் பங்கு முதல் எண்பது, எண்பத்தைந்து சதவீதம் வரை நின்றால் நல்லது. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் எடையை உள்ளே தள்ளுங்கள். சக்கையைக் கையில் பிடித்து அழுத்தினால் விரலிடுக்கில் நீர் சொட்டாமல், உருண்டையாக நின்று, தட்டினால் உதிர வேண்டும்; வெயிலில் காயவைத்தால் கிலோவுக்கு 250 முதல் 300 கிராம் மிஞ்சும். இதைவிட உலர்ந்த சக்கைக்கு ஆசைப்பட்டு எடையை ஏற்றினால் கிடைக்கும் லாபம் சிறிது, சல்லடையும் திருகும் தேய்வது பெரிது.

நிறுத்தும்போது வரிசை தலைகீழ். முதலில் பம்பு, ஹாப்பரில் உள்ளது இறங்கியதும் திருகு. கரைசல் முழுதும் தீர்ந்த பிறகும் திருகை ஓடவிடாதீர்கள். திருகுக்கும் சல்லடைக்கும் நடுவே வழுக்கலாக இருப்பது அந்தக் கரைசல்தான், அது இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசும். மறுநாள் ஓட்டுவதாக இருந்தால் தக்கையை வாயிலேயே விட்டுவைக்கலாம். அடைத்துத் தொடங்கும் வேலை மிச்சமாகும். இரண்டு, மூன்று நாட்கள் ஓட்டப்போவதில்லை என்றால், அதிலும் சித்திரை, வைகாசி வெயிலில், அதை வெளியே எடுத்துவிட வேண்டும். உங்கள் இயந்திரத்தின் வாய் கல்லாக இறுகும் நாட்கள் இடையில் ஓட்டாமல் விட்ட நாட்களுக்கு அடுத்து வருகின்றனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படியானால் வாயில் விட்ட தக்கை காய்ந்து இறுகுவதே பெரும்பாலும் காரணம்.

இறுகிவிட்டால் செய்ய வேண்டியது இது. மின்சாரத்தைப் பூட்டுங்கள். எடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வையுங்கள். எடையோடு நெம்புகோலைத் தூக்கிப் பிடித்தபடி வேலை செய்தால், அது நழுவி விழுந்து விரலை நசுக்கும். கதவைத் திறக்கும்போது வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், பின்னால் தேங்கிய அழுத்தம் சக்கையைத் தெறிக்கவிடும். பிறகு கட்டை நுனியாலோ கொக்கியாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுத்து, நீரூற்றி ஊறவிடுங்கள். ஃபேஸ் மாற்றித் திருகைப் பின்னோக்கிச் சுழற்றினால் இளகும் என்று சிலர் சொல்வார்கள். சில இயந்திரங்களில் அது சரி, சிலவற்றில் திருகைப் பிடித்திருக்கும் போல்ட் கழன்றுவிடும். கையேட்டில் அனுமதி இருந்தாலன்றிச் செய்யாதீர்கள். மூன்று முறை ட்ரிப் ஆன பிறகும் ரிலேயை அழுத்தி அழுத்தி ஓட்டிப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை.

சல்லடையை வாரம் ஒருமுறை கழற்றி, வெளிப்புறமிருந்து உட்புறமாகப் பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவுங்கள். மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் நீர் படக் கூடாது. மாட்டுச் சாணத்துக்குப் பொதுவாக அரை மில்லிமீட்டர் முதல் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியுள்ள சல்லடை பொருந்தும். இயந்திரத்தை வேகமாகத் தின்பது மண்ணும் மணலும். நம் பக்கத்துச் சரளை கலந்த செம்மண் கட்டுத்தரையில் மாடுகள் நடந்து, அது சாணத்தோடு குழிக்குப் போனால் திருகின் ஓரம் ஒரே ஆண்டில் கரைந்துபோகும். குழிக்கு முன்னால் மணல் தங்கும் சிறு தொட்டி ஒன்று கட்டினால் செலவு பல மடங்கு மிச்சமாகும். தென்னை நார், சாக்கு நூல், மாட்டின் பிடிகயிறு, நேப்பியர் புல்லின் நீளமான தண்டு ஆகியவை பம்பில் சுற்றிக்கொள்பவை. வழியில் ஒரு கம்பி வலை வைத்துத் தினமும் வாரிவிடுங்கள்.

ஓட்டுகிறவர் யார் என்பதையும் கவனியுங்கள். இன்று நம் பண்ணைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பலர் வேலை செய்கிறார்கள். தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகை அவர்களுக்கு உதவாது. அவர்கள் மொழியிலோ, படமாகவோ இருக்க வேண்டும். பூட்டும் முறையை நீங்கள் செய்துகாட்டி, அவரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் முந்தானை ஆகியவற்றோடு சுழலும் பாகத்தின் அருகே போகக் கூடாது. இயந்திரம் பெரும்பாலும் எட்டு, பத்து அடி உயர மேடையில் இருக்கும். மேடைக்குக் கைப்பிடியும், படியில் வழுக்காத தகடும் இல்லாவிட்டால், சாண ஈரத்தில் கால் வழுக்கி விழுவதுதான் முதல் விபத்தாக இருக்கும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை சில உண்டு. மணிக்கு இத்தனை கன மீட்டர் பிழியும் என்று விற்பவர் சொல்லும் எண், ஏதோ ஒரு கெட்டித் தன்மைக்கு மட்டும் உரியது. உங்கள் கரைசலுக்கு அது பாதியாகவும் இருக்கலாம். சக்கையாக வருவது பெரும்பாலும் நார். தழைச்சத்திலும் சாம்பல் சத்திலும் பெரும்பங்கு வடிநீரோடுதான் போகிறது என்பதால் அந்த நீரை வீணாக்க வேண்டாம். ஆனால் அதில் நுண்ணிய துகள்கள் மிச்சம் இருக்கும். நேராகச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் அடைக்கும், வாய்க்காலில் பாய்ச்சுவது எளிது. தென்னைக்கும் மஞ்சளுக்கும் ஏக்கருக்கு எவ்வளவு என்ற கேள்விக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்பதே முறை.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால், நான்கு விவரங்களோடு மீண்டும் எழுதுங்கள்: மோட்டார் பெயர்ப்பலகையின் ஆம்பியர், வெற்றாக ஓடும்போதும் சக்கை வரும்போதும் அம்மீட்டர் காட்டும் அளவு, கரைசலிலும் சக்கையிலும் ஒரு கிலோவைக் காயவைத்தபோது மிஞ்சிய எடை, சல்லடையின் இடைவெளி. அவை இருந்தால் பழுது கரைசலிலா, கதவிலா, தேய்ந்த திருகிலா என்று பெரும்பாலும் இங்கிருந்தே சொல்லிவிடலாம். கியர் பாக்ஸில் கடகடவென்ற சத்தமோ, கை வைக்க முடியாத சூடோ இருந்தால் எனக்கு எழுதிக் காத்திருக்காமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தயாரிப்பாளரின் ஆளை அழையுங்கள்.